மூடுபனி முந்துவதற்குள்: கோத்தகிரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊட்டி போய்விட்டுக் கீழே இறங்குகிறவர்கள் எங்கள் ஊரில் வண்டியை ஓரங்கட்டி டீ குடிப்பார்கள். குடித்துக்கொண்டே கேட்பார்கள்: “இங்க பாக்க என்னங்க இருக்கு?” கடைக்காரர் பால் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், “கோடநாடு இருக்கு, கேத்தரின் ஃபால்ஸ் இருக்கு” என்பார். அப்போது மணி மதியம் மூன்று. அவர்கள் கோடநாடு போய்ச் சேரும்போது பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சு ஏறி, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல் இருக்கும். “ஒண்ணுமே தெரியல” என்று ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. வந்த நேரம் தப்பு, அவ்வளவுதான்.

கோத்தகிரியைப் பார்ப்பதற்கு இடங்களின் பட்டியலைவிடக் கடிகாரம் முக்கியம். காலையில் எது, மத்தியானம் எது, மஞ்சு ஏறிய பிறகு எது என்று தெரிந்தால் போதும். நான் பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவு தங்குவதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரே நாளில் வந்து போகிறவர்கள் இதில் பாதியை மறந்துவிடலாம்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

நீலகிரி என்றாலே ஜூன், ஜூலையில் விடாத மழை என்று நினைப்பவர்கள் உண்டு. கூடலூர்ப் பக்கம் அது உண்மை. எங்களுக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் நடுவில் 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா நிற்கிறது. காற்று அந்தப் பக்கமே தண்ணீரைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் சாரலாகத்தான் வந்து சேரும். எங்களுக்கு உண்மையான மழைக்காலம் அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை, வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் மண் சரிந்து பாதை அடைபடுவது புதிதில்லை. 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்க நடந்த நிலச்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. வானிலை எச்சரிக்கை வந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். “புக் பண்ணிட்டோமே” என்று கிளம்பாதீர்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பகலில் இளவெயில், இரவில் இரண்டு கம்பளி. ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிடத் தாழ்வு. அதனால் அங்கே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாளிலும் இங்கே குளிர் தாங்கும்படி இருக்கும். ஏப்ரல், மே சீசன். நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடப்பது மே மாதத்தில்தான். கேரட்டிலும் கத்தரிக்காயிலும் மயிலும் முதலையும் செய்து வைப்பார்கள். குழந்தைகளோடு வருகிறவர்களுக்குப் பிடிக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் மே மாதத்தை விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் ஜூலை கடைசியும் ஆகஸ்ட்டும். சாரல், வெயில், சாரல் என்று மாறி மாறி வரும். தேயிலை துளிர்த்து மலை முழுக்க ஒரே இளம்பச்சை. அறை வாடகையும் இறங்கியிருக்கும்.

இரண்டாம் படி: மலை ஏறுவது

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இரவு நீலகிரி விரைவு ரயில்தான் வசதி. விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். அங்கே ஒரு குழப்பம் நேரும். மலை ரயில் கோத்தகிரிக்கு வராது. அது குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போவது. ரயிலில்தான் ஏறுவேன் என்றால் குன்னூரில் இறங்கி, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் பேருந்தில் வரலாம். மற்றவர்கள் மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம் போனால் கோத்தகிரி வண்டி கிடைக்கும். 33 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

சொந்த வண்டியில் வருவதானால் இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்தில், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொண்டுவந்தது. இணையத்தில் கட்டணமில்லாமல் எடுக்கலாம். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பு வைத்ததால், கடைசி நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. இன்னொன்று, தண்ணீர் பாட்டில். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள், அபராதமும் போடுவார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வாருங்கள்.

மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலத்தைத் தாண்டியதும் குன்னூர்ப் பாதை ஒரு பக்கம், கோத்தகிரிப் பாதை ஒரு பக்கம் பிரியும். எங்கள் பாதை அகலம், வளைவுகளும் கொஞ்சம் இரக்கமுள்ளவை. சீசன் நாட்களில் காவல்துறை இதை ஒருவழிப் பாதையாக்கி, ஏறுகிறவர்களைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவர்களை எங்கள் வழியாகவும் அனுப்பும். மே மாதம் வருகிறவர்கள் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

குஞ்சப்பனை வரும்போது வேகத்தைக் குறையுங்கள். பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலையோரத்துக்கே வரும். வாசம் அவற்றுக்கு மைல் கணக்கில் தெரியும் போலிருக்கிறது. யானையைக் கண்டால் ஹாரன் அடிப்பதும், இறங்கிப் படம் எடுப்பதும், விளக்கை அணைத்து அணைத்துப் போடுவதும் வேண்டாம். தள்ளி நிறுத்தி அது கடந்து போகும்வரை காத்திருங்கள். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. இரவு ஏழு மணிக்கு மேல் மலையில் வண்டி ஓட்டாமல் இருப்பதே நல்லது.

முள்ளூர், தட்டப்பள்ளம் தாண்டி அரவேணு வரும்போது காது அடைத்துத் திறக்கும். அரவேணுவில் ஒரு டீ குடிக்கலாம். கண்ணாடியை இறக்கிவிட்டு ஏறி வந்தவர்களுக்கு இந்நேரம் காற்றின் வாசம் மாறியது தெரிந்திருக்கும்.

மூன்றாம் படி: எங்கே தங்குவது

இரண்டு வகை உண்டு. பேருந்து நிலையத்தைச் சுற்றி ஊருக்குள் உள்ள விடுதிகள் ஒன்று. கோடநாடு சாலையிலும் மற்ற கிளைச்சாலைகளிலும் தேயிலைக்கு நடுவே இருக்கிற தங்கும் வீடுகள் இன்னொன்று. வண்டி இல்லாதவர்கள் ஊருக்குள் தங்குங்கள். சாப்பாடு, பேருந்து, மருந்துக்கடை எல்லாம் நடை தூரம். எஸ்டேட் வீடு என்றால் முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டர் பாதையில் கார் போகுமா? குளிக்க வெந்நீர் எந்நேரமும் வருமா? இரவுச் சாப்பாடு அங்கேயே கிடைக்குமா? என் சித்தப்பா மகன் ஒருமுறை மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்தான். படத்தைப் பார்த்து எடுத்த வீடு. கடைசி ஏற்றத்தில் கார் ஏறவில்லை. பெட்டிகளைத் தலையில் சுமந்து தேயிலைச் செடி நடுவே நடந்தார்கள். “அண்ணே, இதுவும் பேக்கேஜ்ல சேர்த்தியா?” என்று போனில் கேட்டான்.

எங்கே தங்கினாலும் இருட்டிய பிறகு தனியாக வெளியே நடக்காதீர்கள். காட்டெருமை எங்கள் ஊரில் தெருநாய் மாதிரி. பேசாமல் மேயும், அருகில் போனால் முட்டும். கரடியும் சாதாரணமாக ஊருக்குள் வரும். பேக்கரிக் கதவைப் பெயர்த்தது, கோயில் விளக்கிலிருந்த எண்ணெயைக் குடித்தது என்று அடிக்கடி செய்தி வரும். சாப்பாட்டு மிச்சத்தை அறைக்கு வெளியே வைப்பது அதை விருந்துக்குக் கூப்பிடுவதுதான்.

நான்காம் படி: முதல் நாள் மத்தியானம், கண்ணேரிமுக்கு

வந்த அன்றைக்கு மலைமுகடு எதற்கும் ஓடாதீர்கள். மத்தியானத்துக்கு மேல் மஞ்சு ஏறிவிடும் என்று சொன்னேனே. மஞ்சு வந்தாலும் குறையாத இடம் கண்ணேரிமுக்கு. ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான், நடந்தே போகலாம். அங்கே இருப்பது ஜான் சல்லிவன் கட்டிய பெத்தக்கல் பங்களா. இப்போது நினைவகம்.

ஊட்டியை உருவாக்கியவர் என்று எல்லாரும் சொல்லும் சல்லிவன், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர். 1819இல் அவர் மலையேறியபோது முதலில் கூடாரம் அடித்தது ஊட்டியில் அல்ல, இந்தப் பக்கம் திம்பட்டியில். சமவெளியிலிருந்து மலைக்கு முதலில் போட்ட பாதையும் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குத்தான். 1821இல் தொடங்கி 1823இல் முடித்தார்கள். அதற்குள் சல்லிவன் ஊட்டியில் கல் வீடு கட்டத் தொடங்கியிருந்தார். பேரும் புகழும் அங்கே போய்விட்டது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லும்போது, பங்காளி சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனதுபோல் ஒரு பெருமூச்சு விடுவார்கள்.

பங்களா சின்னதுதான். உள்ளே பழைய படங்களும் நீலகிரியின் பழங்குடிகளைப் பற்றிய ஆவணங்களும் இருக்கின்றன. வேகமாகப் பார்த்தால் பதினைந்து நிமிடம். நிதானமாகப் படித்தால் ஒரு மணி நேரம் பிடிக்கும். நாளை பார்க்கப்போகும் ஊர்களுக்கும் மனிதர்களுக்கும் இது முன்னுரை மாதிரி, அதனால்தான் முதல் நாளில் வைத்தேன்.

திரும்பும் வழியில் மெயின் பஜாரில் நடங்கள். அடுக்கிவைத்த கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், மலைப்பூண்டு. சீசனுக்கு ஏற்ப பிளம்ஸ், பேரிக்காய், மரத்தக்காளி. பேக்கரியில் அன்றைக்குச் சுட்ட வர்க்கி. ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023இல். மலையில் இருக்கிற எல்லா ஊர்க்காரர்களுக்கும் அது சொந்தம் என்றே நாங்கள் நினைக்கிறோம். வர்க்கியை வெறுமனே கடித்தால் வாயெல்லாம் தூள். டீயில் முக்கி, உடைந்து உள்ளே விழுவதற்குள் வாயில் போட வேண்டும். இரண்டு மூன்று விழுந்த பிறகு கை பழகிவிடும்.

ஐந்தாம் படி: இரண்டாம் நாள் காலை, கோடநாடு

இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் சீக்கிரம் எழச் சொல்வேன். ஊரிலிருந்து கோடநாடு காட்சிமுனை சுமார் 18 கிலோமீட்டர். ஏழரைக்குள் கிளம்பிவிடுங்கள். பேருந்திலும் போகலாம், ஆனால் திரும்பி வரும் வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துனரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இல்லையென்றால் அரை நாள் அங்கேயே போய்விடும்.

வழியே பாதி சுகம். ஈளாடா தடுப்பணையில் காலை நேரத்தில் தண்ணீர்மேல் ஆவி நிற்கும். எங்கள் ஊர்க் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தான், அதனால் கரையோரம் குப்பை போடுகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கோபம் வரும். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் தேயிலை, நடுநடுவே நிழலுக்கு வைத்த சில்வர் ஓக். முதுகில் பையோடு இலை பறிக்கிறவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்குக் கிலோ கணக்கில் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.

காட்சிமுனையில் முதலில் கண்ணில் படுவது ஆழம். மலை சட்டென்று முடிந்து, கீழே வேறொரு நாடு தொடங்கும். நாம் நிற்கும் இடத்தில் கம்பளி, கீழே வெயில் காயும் முள்காடு. அந்தக் காட்டின் நடுவே மாயாறு வளைந்து வளைந்து போய் பவானிசாகர் அணையைத் தேடும். பச்சைக் கைக்குட்டை விரித்ததுபோல் ஒரு துண்டு வயல் தெரியும், அதுதான் தெங்குமரஹடா. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, காட்டு நடுவே விவசாயம் செய்த கிராமம். ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும், வனத்துறை அனுமதியும் வேண்டும். மேலிருந்து பார்த்துவிட்டு “கீழ போயிடலாமா?” என்று கேட்காதவர்களை நான் பார்த்ததில்லை. இங்கிருந்து அதற்கு வழி கிடையாது.

பக்கவாட்டில் ரங்கசாமி மலையும், அதையொட்டித் தனியாக நிற்கும் ரங்கசாமி தூணும் தெரியும். 400 அடி உயரமுள்ள ஒற்றைப் பாறை. இருளர் மக்களுக்கு அந்த மலை கோயில். சூரியன் கொஞ்சம் ஏறியதும் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு துண்டு துண்டாகக் கிளம்பி, முதலில் தூணின் அடியை மறைக்கும். தூண் அந்தரத்தில் நிற்பதுபோல் ஐந்து நிமிடம் தெரியும். பிறகு அதுவும் போய்விடும். அதைப் பார்த்த பிறகு கிளம்பலாம். காவல் கோபுரத்தில் ஏறுவது உங்கள் விருப்பம், கீழிருந்து பார்த்தாலே போதுமான அளவுக்குத் தெரியும்.

கோடநாடு எஸ்டேட் பங்களா எங்கே என்று விசாரிக்கிறவர்கள் அதிகம். அது தனியார் இடம், வாசலைத் தவிர வேறெதுவும் தெரியாது. நேரத்தை அங்கே செலவழிக்காதீர்கள்.

ஆறாம் படி: லாங்வுட் சோலை

நேரமே இல்லை, ஒன்றுதான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் கோடநாட்டை விட்டுவிட்டு லாங்வுட் சோலைக்கு அனுப்புவேன். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர். 116 ஹெக்டேர் காடு, அவ்வளவுதான். சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் வந்த பிறகும் அது அப்படியே நிற்கிறது.

சோலை என்றால் பூங்கா என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. மலை மடிப்புகளில், ஓடைகளின் தலைப்பில், காற்றுக்குக் குனிந்து குட்டையாக வளர்ந்த பழைய மரக்காடுதான் நீலகிரியில் சோலை. மேலே இலைக்கூரை நெருக்கமாக மூடியிருக்கும். மரத்தண்டெல்லாம் பாசியும் பெரணியும். தரையில் உதிர்ந்த இலை அழுகி மெத்தையாகிக் கிடக்கும். அந்த மெத்தை மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை இல்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். பக்கத்து ஹட்டிகளின் கிணறுகளும் ஓடைகளும் வற்றாமல் இருப்பது இதனால்தான். ஹட்டி என்றால் இந்த மலையில் வாழும் படுகர் சமூகத்தாரின் ஊர். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) நட்ட காடு பார்க்கப் பச்சையாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்யாது. ஊர்க்காரர்கள் சேர்ந்து காவல் குழு அமைத்து, விறகு வெட்டையும் குப்பையையும் தடுத்துக் காப்பாற்றிய சோலை இது. 2024 ஜனவரியில், உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஏரியும் குளமும் இருக்கிற பட்டியலில் ஒரு காடு எப்படி வந்தது என்று கேட்டால், மேலே சொன்ன கசிவுதான் பதில்.

உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். முந்தின நாளே ஊரில் வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். வழிகாட்டியோடு போவது நல்லது. பாதை தவறிவிடும் என்பதற்காக அல்ல, பறவையை நீங்களாகக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்காக. மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 இங்கே இருக்கின்றன. நீலகிரிச் சிரிப்பான் கூட்டமாகக் கத்தினால், புதருக்குள் யாரோ உங்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருக்கும். நீலகிரிக் காட்டுப்புறா உச்சிக்கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போகிறவர்கள் வெளியிலேயே நின்றுகொள்ளலாம். மழை மாதங்களில் அட்டை உண்டு. உப்பும் மூக்குப்பொடியும் பழைய வைத்தியம். கால்சட்டையை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்வது எளிய வைத்தியம்.

கோடநாடு முடித்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் வந்தாலும் சோலைக்குள் ஒளி குறைவாகத்தான் இருக்கும். மஞ்சு உள்ளே நுழைந்துவிட்டால் விட்டுவிடாதீர்கள். சோலைக்கு மஞ்சு கூடுதல் அழகு.

ஏழாம் படி: தேயிலையும் சாப்பாடும்

மத்தியானம் மஞ்சோ மழையோ வந்தால் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்விடுங்கள். பார்வையாளர்களை அனுமதிக்கும் இடம் எது என்று தங்கும் வீட்டிலேயே சொல்வார்கள். பறித்த இலையை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றூதி வாட வைப்பார்கள். வாடிய இலையை ஆர்த்தடாக்ஸ் முறையில் உருட்டுவார்கள், சிடிசி முறையில் நொறுக்கிச் சின்ன உருண்டைகளாக்குவார்கள். பிறகு காற்றுபட்டுச் செம்பு நிறத்துக்கு வரும், சூட்டில் உலரும், சலித்துத் தரம் பிரியும். நம் வீட்டில் பால் ஊற்றிக் குடிப்பது பெரும்பாலும் சிடிசி. ஆர்த்தடாக்ஸ் தேயிலையில் பாலும் சர்க்கரையும் போடாமல் ஒருமுறை குடித்துப் பாருங்கள். பிடிக்காமல் போனால் பாலுக்குத் திரும்பிவிடலாம்.

இங்கே பெரிய எஸ்டேட்டுகளைவிட அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் கதைதான் பெரியது. பசுந்தேயிலை விலை இறங்கும்போது ஊரே இறுகிப்போகும். கடைத்தெருவில் துணிக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தே அந்த மாத விலையைச் சொல்லிவிடலாம். சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் பல இருக்கின்றன, கட்டபெட்டுவில் ஒன்று உண்டு. அவற்றின் தூளை வாங்கினால் பணம் இங்கேயே சுற்றும்.

படுகர் சாப்பாட்டை ஓட்டலில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. தங்கும் வீட்டுக்காரர்களிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள். ராகிக் களியும் அவரைக் குழம்பும் வந்தால் அதிர்ஷ்டம். களியை மென்று தின்னாதீர்கள், குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். இனிப்பு மாவை எண்ணெயில் பொரித்த எண்ணெ ஹிட்டும் கிடைத்தால் இரண்டு கேட்டு வாங்குங்கள். ஒன்று போதாது.

மலைத்தேனும் ஊரில் வாங்கலாம். இருளரும் குறும்பரும் பாறைத் தேனடைகளிலிருந்து எடுப்பதை நியாய விலைக்கு வாங்கி விற்கும் அமைப்புகள் ஊரிலேயே இருக்கின்றன. அங்கே வாங்குங்கள். சாலையோரம் பாட்டிலில் வைத்து விற்கும் எல்லாமே தேன் அல்ல. நீலகிரித் தைலத்துக்கும் இதே எச்சரிக்கை.

எட்டாம் படி: கோத்தர்களும் ஹெத்தை ஹப்பாவும்

ஊர்ப்பெயரிலேயே கோத்தர் பழங்குடியினர் இருக்கிறார்கள். கோத்தர் கேரி, அதாவது கோத்தர்களின் தெரு, கோத்தகிரி ஆனது என்பார்கள். நீலகிரியில் கோத்தர்களுக்கு ஏழு ஊர்கள். மலையின் கொல்லர்களும் தச்சர்களும் அவர்கள்தான், பானை வனைவது பெண்கள். மற்ற மக்களின் வீட்டு நிகழ்ச்சிகளில் ஒருகாலத்தில் அவர்களின் இசைதான் ஒலித்தது. ஜனவரியில் கம்பட்டராயர் திருவிழா வரும். வெள்ளை உடையில் ஆண்களும் பெண்களும் இரவெல்லாம் ஆடுவார்கள்.

மார்கழிப் பௌர்ணமியை ஒட்டிப் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை. எங்கள் பக்கத்துப் படுகர் ஊர்களைப் பொரங்காடு சீமை என்பார்கள், அதற்குப் பேரகணி ஊர்க் கோயில்தான் முக்கியம். ஊர் ஊராக வெள்ளை உடுத்திக் குடை பிடித்து நடந்து வருவார்கள். அன்றைக்கு நீங்கள் ஊரில் இருந்தால் ஓரமாக நின்று பார்க்கலாம். செருப்பு போட்டுக்கொண்டு கோயில் எல்லைக்குள் போவதும், கேட்காமல் கேமராவை நீட்டுவதும் கூடாது. ‘பழங்குடிக் கிராமம் சுற்றிக் காட்டுகிறேன்’ என்று யாராவது விலை பேசினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவை வீடுகள், கண்காட்சி அல்ல.

ஒன்பதாம் படி: இறங்கும் நாள், அருவிகள்

கேத்தரின் அருவியை இறங்கும் நாளுக்கு வைத்ததற்குக் காரணம், அது அரவேணுவிலிருந்து பிரியும் பாதையில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் போகும் வழிதான். 250 அடி. இங்கே காப்பித் தோட்டம் தொடங்கியதாகச் சொல்லப்படும் காக்பர்ன் என்பவரின் மனைவி பெயர் அதற்கு. அதற்கு முன்பே எங்கள் ஊரில் ‘கெத்தெஹாட ஹள்ள’ என்ற பெயர் இருந்தது. ஹள்ள என்றால் ஓடை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதை உங்களை அருவியின் தலைக்குக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து முழு அருவியும் தெரியாது, தண்ணீர் விழும் சத்தம்தான் அதிகம். முழுசாகப் பார்க்க வேண்டுமானால் குன்னூருக்கு அப்பால் டால்பின் நோஸ் போக வேண்டும். பள்ளத்தாக்கின் எதிர்க்கரையிலிருந்து வெள்ளி இழை மாதிரி தெரியும். இரண்டும் சேர்த்துப் பார்த்தால்தான் அருவியின் அளவு மனதில் நிற்கும். குன்னூர் வழியாக இறங்குகிறவர்கள் டால்பின் நோஸையும், எங்கள் வழியாக இறங்குகிறவர்கள் அரவேணுவையும் எடுத்துக்கொள்ளுங்கள். உயிலட்டி அருவி ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர், மழைக்குப் பின்தான் போக வேண்டும். கோடையில் பாறைதான் இருக்கும்.

இரண்டு அருவியிலும் குளிக்க இறங்காதீர்கள். பாறை வழுக்கும். மேலே எங்கோ பெய்த மழை, இங்கே வெயில் அடிக்கும்போதே திடீரென்று தண்ணீராக வந்து சேரும். ஊர்ப் பையன்களே இறங்கமாட்டார்கள்.

இறங்குவதற்கு முன் அரவேணுவில் டயரையும் பிரேக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் குழந்தை இருந்தால் வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள், ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து முகர்ந்துகொண்டே வரச் சொல்லுங்கள். வர்க்கிப் பொட்டலத்தைக் காலடியில் வைக்காமல் மடியில் வையுங்கள். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தூளாகிவிடும்.